குத்துவிளக்கும் ஃப்ரிட்ஜும்: சூப்பர்ஹீரோ கதைகளில் பெண்ணைப் பார்க்கும் முறை

பொய்யாக அழுகிறவர்களை 'நீலிக்கண்ணீர் வடிக்கிறார்கள்' என்கிறோம். அந்த நீலி யார் என்று கேட்டால் நாகர்கோவில் பக்கம் ஒரு கதை கிடைக்கும், திருத்தணி பக்கம் இன்னொரு கதை கிடைக்கும். தெற்கே கேரள எல்லைப் பக்கத்தில் கள்ளியங்காடு, வடக்கே ஆந்திர எல்லைப் பக்கத்தில் திருவாலங்காட்டுப் பழையனூர். இரண்டு இடத்திலும் அவள் கொலையுண்டவள். குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில், மடியில் தலைவைத்துத் தூங்கியவளை நகைக்காகக் காதலனே கல்லைப் போட்டுக் கொல்கிறான். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி மட்டும் சாட்சி. பழிவாங்கத் திரும்பி வரும்போது கள்ளியைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன்' என்று ஊரார் முன்னால் அழுகிறாள். அந்த அழுகைதான் வழக்குச் சொல்லாக நிலைத்தது. அவள் எப்படிச் செத்தாள் என்பது அந்தச் சொல்லில் இல்லை. சம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலும் அவள் 'வஞ்சப்படுத்து' உயிரைக் கொண்ட 'ஒருத்தி'. பெயர் கிடையாது.

2025 ஆகஸ்டில் வந்த 'லோகா' மலையாளப் படம் இதே கள்ளியங்காட்டு நீலியை எடுத்து சூப்பர்ஹீரோ ஆக்கியது. இயக்கம் டொமினிக் அருண், சந்திராவாகக் கல்யாணி பிரியதர்ஷன், திரைக்கதையில் சாந்தி பாலச்சந்திரனின் பங்கும் உண்டு. வெள்ளைச் சேலை கட்டி, வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்டு, ரத்தம் குடிக்கும் யட்சி என்று பாட்டிமார் பயமுறுத்திய அதே நீலி இந்தப் படத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி. அதிகாரம் அவள் குடியை என்ன செய்தது என்பதிலிருந்து கதை தொடங்குகிறது. மலையாளத்தில் அதுவரை வந்த எல்லாப் படங்களையும் வசூலில் தாண்டியது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து ஆட்களுக்கு இது வெளியூர்க் கதை இல்லை. பார்வதிபுரம் தாண்டிப் பஸ்ஸில் போகிற வழியில் உள்ள ஊரின் கதை.

சூப்பர்ஹீரோ கதைகளில் 'பிரதிநிதித்துவம்' என்று பேசுவது இந்த இடமாற்றத்தைத்தான். கதையில் பெண் இருக்கிறாளா என்பது முதல் கேள்வி. கதையை யார் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள், அவள் செய்கிற காரியத்தால் கதை நகர்கிறதா, அவளுக்கு நேர்கிற கேட்டால் வேறொருவன் கதை நகர்கிறதா என்பவை அடுத்த கேள்விகள். முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்வதால்தான் இந்த விஷயத்தில் பாதிச் சண்டை வருகிறது. 'அதான் பொம்பளை இருக்காளே' என்று ஒருவர் சொல்வார், இன்னொருவருக்கு ஏன் மனம் ஒப்பவில்லை என்று விளக்கத் தெரியாது. விளக்குவதற்குச் சில எளிய சோதனைகள் உண்டு. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில் தலை எண்ணுங்கள். குழுவில் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர்? 1960இல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீகில் ஏழு பேர், பெண் ஒருத்தி. 1961இல் ஃபென்டாஸ்டிக் ஃபோரில் நால்வர், பெண் ஒருத்தி. 1963இல் எக்ஸ்-மென் மாணவர் ஐவர், பெண் ஒருத்தி. 2012இல் வந்த முதல் அவெஞ்சர்ஸ் படத்தில் ஆறு பேர், பெண் ஒருத்தி. ஐம்பது ஆண்டு கழித்தும் கணக்கு மாறவில்லை. ஒருத்தி மட்டும் இருந்தால் என்ன கெடுகிறது? ஆண்களில் ஒருவன் கோபக்காரன், ஒருவன் விஞ்ஞானி, ஒருவன் விளையாட்டுப் பிள்ளை என்று குணத்தால் பிரிகிறார்கள். அவளுக்கோ 'பெண்' என்பதே குணமாகிவிடுகிறது. அவள் தப்பு செய்தால் பெண்களெல்லாம் தப்பு செய்ததாகிறது என்பதால், எழுதுகிறவர் அவளைத் தப்பே செய்யவிடாமல் சப்பென்று ஆக்கிவிடுகிறார்.

ஃபென்டாஸ்டிக் ஃபோரின் அந்த ஒருத்தி சூ ஸ்டார்ம். நால்வரில் ஒருவன் ரப்பராக நீள்கிறான், ஒருவன் தீப்பற்றிப் பறக்கிறான், ஒருவன் பாறையாகிறான். அவளுக்குக் கிடைத்த சக்தி கண்ணுக்குத் தெரியாமல் போவது! கவசச் சுவர் எழுப்பும் சக்தியை 1964இல்தான் கொடுத்தார்கள். 'இன்விசிபிள் கேர்ள்' என்ற பெயர் 'வுமன்' ஆக 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் முந்திய கூத்து 1942இல் நடந்தது. ஜஸ்டிஸ் சொசைட்டியில் வொண்டர் வுமனைச் சேர்த்துக்கொண்டார்கள், செயலாளர் பதவி கொடுத்து. ஆண்கள் சண்டைக்குப் போவார்கள், குழுவிலேயே பெரும் பலசாலிகளில் ஒருத்தியான அவள் அலுவலகத்தில் குறிப்பெடுப்பாள்.

அடுத்தது பெக்டல் சோதனை. அலிசன் பெக்டல் 1985இல் வரைந்த ஒரு சித்திரப் பக்கத்தில் வந்தது, யோசனை தன் தோழி லிஸ் வாலஸுடையது என்று அவரே சொன்னார். கதையில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும். அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இல்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இருவருக்கும் பெயர் இருக்க வேண்டும் என்பது பிறகு சேர்ந்தது. 2012 அவெஞ்சர்ஸ் இதிலேயே தோற்றது. பிளாக் விடோவும் மரியா ஹில்லும் இருக்கிறார்கள், ஆனால் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. இந்தச் சோதனையைத் தனிப் படத்துக்குத் தீர்ப்பாக வைத்தால் தப்பாகப் போகும். ஒரு பெண் மட்டுமே நடிக்கும் நல்ல படமும் இதில் தோற்கும், இரண்டு நிமிடம் சேலையைப் பற்றிப் பேசும் மோசமான படமும் தேறிவிடும். இருபது படத்தை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் இதற்கு மதிப்பு.

தனிப் படத்துக்கு ஏற்றது கெல்லி சூ டிகோனிக் சொன்ன விளக்குச் சோதனை. 2012இல் கேரல் டான்வர்ஸ் என்ற வீராங்கனையை நீச்சலுடை மாதிரியான ஆடையிலிருந்து விமானியின் முழு உடைக்கு மாற்றி, 'கேப்டன் மார்வெல்' பட்டத்தையும் கொடுத்த தொடரை எழுதியவர் அவர். கதையிலிருந்து பெண்ணைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஓர் அழகான விளக்கை வையுங்கள், கதை அப்படியே ஓடுகிறதா என்று பாருங்கள் என்பதுதான் சோதனை. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். மருமகள் குத்துவிளக்கு மாதிரி இருக்கிறாள் என்று பாராட்டிய சமூகம் நாம். வில்லன் விளக்கைத் திருடிக்கொண்டு போகிறான், நாயகன் துரத்துகிறான், மீட்டு வந்து நடுவீட்டில் வைக்கிறான், சுபம். எத்தனை படம் இப்படி ஓடும் என்று எண்ணிப் பாருங்கள். 2021இல் வந்த 'மின்னல் முரளி'யின் பிஜி இதில் தேறுகிறாள். கராத்தே சொல்லித் தருகிறவள், ட்ராவல்ஸ் நடத்துகிறவள், நாயகனுக்குக் காதலியாவதற்காக அந்த ஊரில் காத்திருக்காதவள். அவள் இடத்தில் விளக்கை வைத்தால் கதை இடறும்.

தமிழ் இலக்கணமே கையில் கொடுக்கும் சோதனை ஒன்றும் உண்டு. இதைப் 'பட்டாள் கணக்கு' என்று வைத்துக்கொள்வோம். கதையைப் பத்துப் பதினைந்து வரியில் சுருக்கி எழுதுங்கள். அவள் வருகிற வரிகளில் வினைமுற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். கடத்தப்பட்டாள், மிரட்டப்பட்டாள், காப்பாற்றப்பட்டாள், கொல்லப்பட்டாள். இவை ஒரு பக்கம். கண்டுபிடித்தாள், மறுத்தாள், ஏமாற்றினாள், தோற்றாள், திரும்பி வந்தாள். இவை மறுபக்கம். தோற்றாள் என்பதும் அவள் செய்கிற வினைதான், அதனால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். எந்தப் பக்கம் நீளம் என்று பாருங்கள். ஒரு 20 பக்க அமெரிக்க இதழில் ஏறத்தாழ நூறு கட்டங்கள் இருக்கும். பொறுமை உள்ளவர்கள் கட்டம் கட்டமாகவே இதைச் செய்யலாம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சுருக்கம் எழுதும்போது ஒரு தவறு எளிதில் நேரும். படம் சொல்லாததை நம் மனம் சேர்த்து எழுதிவிடும். 'அவள் திட்டமிட்டாள்' என்று எழுதினால், அந்தத் திட்டம் எந்தக் கட்டத்தில் வந்தது என்று பக்க எண்ணைக் குறியுங்கள். எண் கிடைக்கவில்லையென்றால் அந்த வரி உங்களுடையது, கதையுடையது இல்லை.

பட்டாள் பக்கத்தின் உச்சம்தான் ஃப்ரிட்ஜ்.

1994இல் வந்த கிரீன் லேன்டர்ன் 54ஆம் இதழில் நாயகன் கைல் ரெய்னர் வீட்டுக்கு வருகிறான். குளிர்பெட்டியைத் திறக்கிறான். உள்ளே அவன் காதலி அலெக்சாண்ட்ராவின் உடல். கொன்றவன் மேஜர் ஃபோர்ஸ் என்ற வில்லன். அவள் செத்ததற்கு அவள் கதையில் காரணம் எதுவும் இல்லை. கைலுக்குக் கோபம் வர வேண்டும், அவ்வளவுதான். 1999இல் கெயில் சிமோன் என்ற வாசகி, அப்போது அவருக்கு முடிதிருத்தும் தொழில், இப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டு இணையத்தில் போட்டார். பட்டியல் நீண்டுகொண்டே போனது. அந்தக் கதை உத்திக்கு 'ஃப்ரிட்ஜில் வைப்பது' என்றே பெயராகிவிட்டது. அந்த வாசகியே பிறகு பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே, வொண்டர் வுமன், பேட்கேர்ள் தொடர்களை எழுதினார். இந்த விஷயத்தில் வாசகர் எண்ணிக்கை எடுப்பது வெட்டி வேலை என்று யாராவது சொன்னால் இவரைச் சொல்லுங்கள்.

இதில் அடிக்கடி வரும் மறுப்பு: 'ஆண் பாத்திரங்களும்தானே சாகிறார்கள்?' சாகிறார்கள். வித்தியாசம் சாவுக்குப் பிறகு. ஆண் வீரன் பெரும்பாலும் தன் போரில் சாகிறான், பிறகு புத்துயிர் பெற்று வருகிறான், பழைய பலத்தோடு. பெண் இன்னொருவன் போரில் சாகிறாள். அவெஞ்சர்ஸ் எண்ட்கேமில், 2019இல், இரண்டு சாவும் ஒரே படத்தில் இருக்கின்றன. அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கின் இறுதிச் சடங்குக்கு ஏரிக்கரையில் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். அதற்கு முன்பே உயிரைக் கொடுத்த பிளாக் விடோவான நடாஷாவுக்கு அப்படி ஒரு சடங்கு இல்லை. அதே படத்தில் பெண் வீரர்கள் எல்லோரும் ஒரே சட்டகத்தில் வந்து நிற்கும் சில நொடிக் காட்சியும் இருக்கிறது. தலை எண்ணினால் அந்தக் காட்சி தேறும், வினை எண்ணினால் தேறாது.

கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய ஒரு கட்டம் அமேசிங் ஸ்பைடர்மேன் 121ஆம் இதழில் இருக்கிறது. ஆண்டு 1973, கதை ஜெர்ரி கான்வே, படம் கில் கேன். பாலத்திலிருந்து விழும் காதலி குவென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் வலை வீசிக் காலில் பிடிக்கிறான். கட்டத்தில் அவள் உடல் சட்டென்று நின்றதன் அதிர்வு. கழுத்தருகே சின்ன எழுத்தில் ஒரே ஒரு ஒலிச்சொல், 'ஸ்நாப்'. காப்பாற்றிய வலையே கழுத்தை முறித்தது. காமிக்ஸ் கலையில் அதைவிடக் கச்சிதமான கட்டங்கள் குறைவு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் குவென் விழித்திருக்கவில்லை. தன் சாவில் அவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. 2014இல் ஜேசன் லட்டூரும் ராபி ரோட்ரிகஸும் கதையைத் திருப்பிப் போட்டார்கள். அந்த உலகத்தில் சிலந்தி கடித்தது குவெனை, இறந்தது பீட்டர், அதாவது மூலக் கதையின் ஸ்பைடர்மேன். 2023இல் வந்த 'அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்' அனிமேஷன் அவள் டிரம்ஸ் அடிப்பதில்தான் தொடங்குகிறது. அப்பாவோடு அவள் பேசும் காட்சியில் பின்னணிச் சுவரின் நிறம் அவள் மனசுக்கேற்ப நீர்வண்ணமாக வழிந்து மாறுகிறது. 1973இல் பேசாமல் விழுந்தவளின் மனநிலைதான் இங்கே சட்டகத்தின் நிறத்தையே தீர்மானிக்கிறது. கதை யார் பக்கம் நிற்கிறது என்பதைச் சித்திரத்தாலேயே காட்ட முடியும் என்பதற்கு இது போதும்.

ஃப்ரிட்ஜில் வைத்தவளை வெளியே எடுப்பதற்கு இன்னொரு வழி, பேட்கேர்ளாக இருந்த பார்பரா கார்டன். 1988இல் ஜோக்கர் அவளைச் சுட்டு முதுகெலும்பை உடைத்தது அவள் அப்பாவையும் பேட்மேனையும் வதைக்க. அடுத்த ஆண்டே கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் அவளைச் சக்கர நாற்காலியில் 'ஆரக்கிள்' ஆக்கினார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, டிசி பதிப்பகத்தின் கதையுலக வீரர்களுக்கெல்லாம் தகவல் தருகிறவள். மாற்றுத்திறனாளி வாசகர் பலருக்கு அவள் எவ்வளவு முக்கியமானவள் என்பது 2011இல் அவளைத் திரும்ப நடக்கவைத்தபோது எழுந்த வருத்தத்தில் தெரிந்தது. குணமாக்குவது எப்போதும் நல்ல செய்தி என்று எழுதுகிறவர் நினைத்துவிடக் கூடாது. தன்னைப் போன்ற ஒருத்தி பக்கத்திலிருந்து மறைந்துபோகிறாள் என்றும் ஒரு வாசகருக்கு அது படும்.

நம் எல்லைப் படங்களிலும் ஃப்ரிட்ஜ் உண்டு. முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 'மின்னல் முரளி'யில் வில்லன் ஷிபு காதலிக்கும் உஷா ஊரார் வைத்த தீயில் சாகிறாள், அவன் வெறிகொள்கிறான். அங்கே ஃப்ரிட்ஜின் பலன் நாயகனுக்குப் போகாமல் வில்லனுக்குப் போகிறது. நம்ம குரு சோமசுந்தரத்தின் நடிப்பு அந்தத் துயரத்தை நெஞ்சில் இறக்கிவிடுவதால் உஷா என்ன நினைத்தாள் என்று கேட்கவே மறந்துபோகிறோம். படம் பிடித்திருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பிடித்த படத்தில் கேட்பதுதான் நல்ல பழக்கம்.

இனி உடம்பு. சூப்பர்ஹீரோயினின் அட்டைப்படத்தின் மேல் பட்டர் பேப்பர் வையுங்கள். பென்சிலால் ஐந்து புள்ளிகள்: உச்சந்தலை, கழுத்துக்குழி, நெஞ்சின் நடு, தொப்புள், இடுப்பெலும்பு. அவற்றை ஒரு கோட்டால் இணையுங்கள். மார்பும் பின்புறமும் ஒரே நேரத்தில் உங்களை நோக்கித் திரும்பியிருந்தால் கோடு முறுக்கிக்கொண்டு போகும். மனித முதுகெலும்பு அப்படித் திரும்பாது. முதுகொடிந்த நிலை என்று ஓவியர்களே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2012இல் சில ஓவியர்கள் அதே நிலைகளில் ஹாக்ஐ என்ற ஆண் வீரனை வரைந்து பரப்பினார்கள். பார்த்ததும் சிரிப்பு வருகிறது என்றால், பெண்ணை அப்படிப் பார்க்கக் கண் பழகியிருக்கிறது என்று பொருள். ஆண் வீரர்களையும்தான் மிகைப்படுத்தி வரைகிறார்கள் என்பார்கள். ஆமாம், வலிமை தெரிய மிகைப்படுத்துகிறார்கள். அந்த உடம்பு அடிக்கத் தயாராக நிற்கிறது. முதுகொடிந்த நிலையில் நிற்பவளால் ஒரு குத்துகூட விட முடியாது.

திரையில் இதையே கேமராவின் உயரத்தில் பார்க்க வேண்டும். அவள் அறிமுகமாகும் முதல் ஷாட்டில் கேமரா காலிலிருந்து ஏறுகிறதா, முகத்தில் தொடங்குகிறதா? சண்டையில் முடி எப்படி இருக்கிறது? 2020இல் கேத்தி யான் இயக்கிய 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே'யில் சண்டைக்கு நடுவே ஹார்லி குவின் பக்கத்தில் நிற்கிறவளிடம் ஒரு ஹேர் பேண்டை நீட்டுகிறாள். நீளமுடி உள்ள யாருக்கும் தெரியும், கண்ணை மறைக்கும் முடியோடு எதையும் செய்ய முடியாது. சில நொடியே வரும் அந்தக் காட்சி பார்த்த பெண்களின் நினைவில் நிற்கிறது. 'பிளாக் பேந்தர்' படத்தில், 2018இல், படைத்தலைவி ஒகோயே தன் விக்கைக் கழற்றி எதிரி முகத்தில் வீசிவிட்டுச் சண்டைக்குப் போவதும் இதே வகை. அந்தப் படத்தின் உடைகளுக்காக ரூத் கார்ட்டர் ஆஸ்கர் வாங்கினார், அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

நிறம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறு மனதில் மட்டும் இருக்கவில்லை, மையிலும் இருந்தது. பழைய அமெரிக்க காமிக்ஸ் மட்டரக நியூஸ்பிரிண்டில் அச்சானது. கறுப்பைத் தவிர மூன்று மைகள், ஒவ்வொன்றும் இல்லை, கால், அரை, முழு என்று நான்கு அளவு. நான்கை மூன்று முறை பெருக்கினால் 64 நிறம். வெள்ளைத் தோலுக்கு மஞ்சளும் சிவப்பும் மெல்லிய புள்ளியாக விழுந்தால் போதும், சுத்தமாக வரும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மூன்று மையும் கலக்க வேண்டும், தாள் ஊறிச் சேறாகிவிடும். அதனால் பல பாத்திரங்கள் சாம்பல் பூத்த மாதிரி அச்சாயின. நல்ல தாளும் கம்ப்யூட்டர் வண்ணமும் வந்தபின் இந்தச் சாக்கு போய்விட்டது. இன்றும் ஒரு மாநிறப் பாத்திரம் அட்டையில் வெளுத்திருந்தால் அது யாரோ எடுத்த முடிவு. நம் போஸ்டர்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம்.

மையைத் தாண்டிய தடையும் இருந்தது. 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே காமிக்ஸ் கோட் என்ற தணிக்கையை வைத்துக்கொண்டார்கள். பிறகு, ஒரு விண்வெளிக் கதையின் கடைசிக் கட்டத்தில் வீரர் தலைக்கவசத்தைக் கழற்ற, அவர் கறுப்பினத்தவர் என்று தெரிகிறது. நெற்றி வியர்வைத் துளிகள் நட்சத்திரம் போல மின்னுகின்றன. அந்தத் தோலின் நிறத்தை மாற்றச் சொன்னது கோட். இ.சி. நிறுவனம் மறுத்து அப்படியே அச்சிட்டது. அதே காலத்தில், 1956இல், பேட்வுமன் அறிமுகமானாள். பேட்மேனுக்கு இடுப்புப் பெல்ட்டில் ஆயுதங்கள், இவளுக்கு ஹேண்ட்பேக்கில் லிப்ஸ்டிக், பவுடர் வடிவில் ஆயுதங்கள். அந்தப் பெயருக்கு ஐம்பது ஆண்டு கழித்து, 2006இல், தன்பால் ஈர்ப்புள்ள யூதப் பெண்ணான கேட் கேனாக வேறு உயிர் கிடைத்தது. கறுப்பினப் பெண் வீரர்களில் முதலில் பெரிய இடம் பிடித்த, எக்ஸ்-மென் குழுவின் ஸ்டார்ம் வந்தது 1975இல்.

எழுதுகிறவர் யார் என்பதையும் அட்டைக்குப் பின் பக்கத்தில் பாருங்கள். 1941இல் வொண்டர் வுமனை உருவாக்கியவர் உளவியலாளர் மார்ஸ்டன், வரைந்தவர் எச்.ஜி. பீட்டர். அவளுக்கு மாதிரியாக மார்ஸ்டனோடு வாழ்ந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள், எலிசபெத் ஹாலவே மார்ஸ்டனும் ஆலிவ் பைர்னும். குண்டைத் தடுக்கும் அந்தக் கைக்காப்பு ஆலிவ் போட்டிருந்த வளையல்களிலிருந்து வந்தது. 1944 முதல் 1947 வரை ஜாய் ஹம்மல் என்ற இளம்பெண் எழுபதுக்கும் மேற்பட்ட கதைகள் எழுதினார், இதழில் அவர் பெயர் வரவில்லை. ஒரு பெண் வொண்டர் வுமன் இதழை வரைய 1986இல் ட்ரினா ராபின்ஸ் வரும்வரை 45 ஆண்டு ஆனது. அதே 1941இல் மிஸ் ப்யூரி என்ற வீராங்கனையைத் தானே எழுதி வரைந்த டார்பே மில்ஸ், ஆணா பெண்ணா என்று தெரியாத பெயரைப் போட்டுக்கொண்டார்.

இன்னும் ஒரு சிக்கல் கடையில். அமெரிக்காவில் காமிக்ஸ் கடைக்காரர் இதழ் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இத்தனை பிரதி வேண்டும் என்று சொல்ல வேண்டும். விற்காததைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. அதனால் தெரிந்த பெயரைத்தான் துணிந்து வாங்குவார். புதிய பெண் பாத்திரத்தின் முதல் இதழை ஒரு வாசகர்கூடப் படிக்கும் முன்பே அடுத்தடுத்த இதழ்களின் கதி கடைக்காரர் கணக்கில் முடிவாகிவிடும். 'பெண் கதை விற்காது' என்ற பேச்சின் பின்னால் இந்த ஏற்பாடும் இருக்கிறது. பொம்மைக் கடையிலும் இதே கதை. 2015 அவெஞ்சர்ஸ் படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் குதிப்பவள் பிளாக் விடோ. பொம்மைப் பெட்டியில் அந்த வண்டியில் கேப்டன் அமெரிக்கா உட்கார்ந்திருந்தான்.

இந்தச் சுழலை உடைத்தவள் கமலா கான். 2014இல் வந்த மிஸ் மார்வெல், எழுத்து ஜி. வில்லோ வில்சன், ஆசிரியர் சனா அமானத், படம் ஏட்ரியன் அல்போனா. நியூ ஜெர்சியில் வளரும் பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண். சக்தி கிடைத்ததும் அவள் முதலில் என்ன ஆகிறாள்? தான் வணங்கும் கேரல் டான்வர்ஸைப் போல பொன்முடி, வெள்ளைத் தோல், பழைய குட்டை உடை. அந்த உருவத்தில் ஒருத்தியைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றுகிறாள். முடி முகத்தில் விழுகிறது, பூட்ஸ் கடிக்கிறது, உடை இறுக்குகிறது. ஆசைப்பட்ட உடம்பு வசதியாக இல்லை. பிறகு தன் புர்கினி நீச்சலுடையை வெட்டித் தைத்துத் தன் உடையைச் செய்துகொள்கிறாள். பன்முகத்தன்மை என்று பாடம் எதுவும் நடத்தாமலே இது முடிந்துபோகிறது. முதல் தொகுப்பு 2015இல் ஹியூகோ விருது வாங்கியது. 2022இல் வந்த ஓடிடி தொடரில் அவள் உடம்பை நீட்டும் சக்தியை எடுத்துவிட்டு, பாட்டி வழி வந்த ஒரு வளையலிலிருந்து ஒளி வீசும் சக்தியைக் கொடுத்தார்கள். பிரிவினைக் காலத்துக் குடும்பக் கதை அதனால் உள்ளே வந்தது, அது லாபம். ஆனால் உடம்பு மாறுவதே கதையின் பொருளாக இருந்ததே, அது போனது பெரிய இழப்பு.

தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்குப் பெண் நாயகி புதிதில்லை. 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் முதல் இதழே மாடஸ்டி பிளைஸி கதை, 'கத்தி முனையில் மாடஸ்டி'. சூப்பர் சக்தி இல்லாதவள், ஆனால் வில்லி கார்வின் என்ற ஆண் கூட்டாளி அவளைத் தலைவியாக ஏற்றுப் பின்னால் நிற்பான். பழைய இதழ் வீட்டுப் பரணில் கிடந்தால் பட்டாள் கணக்கை அதில் போட்டுப் பாருங்கள், வியப்பாக இருக்கும்.

எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. ஒரே படத்தை மலையாளத்திலும் தமிழ் டப்பிங்கிலும் ஆங்கிலத்திலும் கேட்டுப் புரிந்துகொள்ளும் காது இங்கே பலருக்கு உண்டு. ஓடிடியில் ஒரு காட்சியை எடுத்து, ஆடியோவை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஆங்கிலத்தில் இருவரும் ஒருவரையொருவர் ஒரே சொல்லால் விளிக்கிறார்கள். தமிழில் வசனம் எழுதுகிறவர் 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்தாக வேண்டும். இரண்டு பேரும் சம பதவியில் உள்ள வீரர்கள், அவன் அவளை 'நீ' என்கிறான், அவள் அவனை 'நீங்க' என்கிறாள் என்றால், மூலத்தில் இல்லாத ஒரு படிநிலை டப்பிங் அறையில் நுழைந்திருக்கிறது. பத்து நிமிடக் காட்சியில் இரண்டு பத்தி போட்டு நீ, நீங்க எண்ணிக்கை எடுங்கள். காதல் காட்சியை விட்டுவிடுங்கள், அங்கே 'நீ' வேறு பொருளில் வரும். கட்டளை இடும் காட்சி, திட்டம் போடும் காட்சி, தோற்றபின் பேசும் காட்சி, இந்த மூன்றும் போதும்.

நீலி கதையை வில்லுப்பாட்டாகக் கேட்க வாய்த்தால் அதையே அங்கேயும் செய்யலாம். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில், காற்றாலைகளுக்கு நடுவே உள்ள முப்பந்தலில் இருப்பவள் இசக்கி. இந்தப் பக்கத்தார் பலர் நீலியையும் இசக்கியையும் ஒருத்தியாகவே சொல்வார்கள். மடியில் தூங்கும்போது அவளைக் கொன்றவன் எப்படி விளித்தான், கள்ளியோடு அவள் எப்படிப் பேசினாள், பழிமுடித்த பிறகு பாடகர் அவளை எந்தச் சொல்லால் அழைக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கோயில் கொடை விழா பார்க்க வந்த கூட்டத்தில் யாரும் அவளை நீலி என்று கூப்பிடுவதில்லை. இசக்கியம்மை என்பார்கள்.